படித்தது மறக்காமல் இருக்க நிறங்களை எப்படிப் பயன்படுத்துவது? போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் மதுரையில் காலையில் பால் வாங்கப் போகிற யாரும் கடை முன்னால் நின்று "நிலைப்படுத்தப்பட்ட பால், 4.5 சதவீதக் கொழுப்பு" என்று கேட்பதில்லை. "அண்ணே, பச்சை ரெண்டு, ஆரஞ்சு ஒண்ணு" என்றால் வேலை முடிந்தது. ஆவின் பாக்கெட்டில் நீலத்துக்கு 3, பச்சைக்கு 4.5, ஆரஞ்சுக்கு 6 சதவீதம் என்று கொழுப்பின் அளவு அச்சாகித்தான் வருகிறது. வருஷக்கணக்காக வாங்குகிறவருக்கும் அந்த எண் ஞாபகம் இருக்காது. நிறம் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

இதே மதுரையில்தான் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகள் ஐந்து நிற ஹைலைட்டர் வாங்கி, புத்தகம் முழுக்கத் தீட்டிவிட்டு, அடுத்த வாரம் ஒன்றுமே நினைவில் இல்லை என்று வருத்தப்படுகிறார்கள். பாடம் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பிள்ளைகளின் உழைப்பில் குறை இல்லை. நிறத்தைப் பயன்படுத்தும் விதத்தில்தான் சிக்கல்.

பால் பாக்கெட்டில் மூன்று விஷயங்கள் சரியாக அமைந்திருக்கின்றன. நிறங்கள் குறைவு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரே பொருள், அது மாறுவதில்லை. மூன்றாவது, தினமும் நாமே வாய் திறந்து அந்த நிறத்தைச் சொல்லிக் கேட்கிறோம். அதாவது பாக்கெட்டைப் பார்க்கும் முன்பே நினைவிலிருந்து எடுக்கிறோம். படிக்கும்போது முதல் இரண்டைச் சிலர் செய்கிறார்கள். மூன்றாவதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. அதுதான் மூன்றிலும் முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து.

நிறம் நினைவுக்கு என்ன செய்கிறது

முறைக்குள் போகும் முன் ஆய்வுகள் சொல்வதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. காரணம் தெரிந்தால்தான் விதியை எங்கே தளர்த்தலாம், எங்கே கூடாது என்று நீங்களே முடிவு செய்ய முடியும்.

1933இல் ஜெர்மனியில் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற உளவியலாளர் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஒரே மாதிரியான பல உருப்படிகள் கொண்ட பட்டியலில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால், அந்த ஒன்று மற்றவற்றைவிட நன்றாக நினைவில் நிற்கிறது. அந்த வித்தியாசமான உருப்படி பட்டியலின் தொடக்கத்திலேயே, மற்றவை எப்படி இருக்கும் என்று தெரிவதற்கு முன்பே வந்தாலும் அப்படித்தான். சுற்றியிருப்பவை ஒரே மாதிரி இருப்பதுதான் அந்த ஒன்றைத் தூக்கிக் காட்டுகிறது. பக்கம் முழுக்கத் தீட்டினால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே புரியும்: வித்தியாசம் என்பதே அங்கே இருக்காது.

2002இல் விச்மன், ஷார்ப், கெகன்ஃபர்ட்னர் ஆகிய மூவரும் இயற்கைக் காட்சிப் படங்களை வைத்துச் சோதித்தார்கள். கருப்பு வெள்ளையில் பார்த்த படங்களைவிட நிறத்தோடு பார்த்த படங்களை மக்கள் 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக அடையாளம் கண்டார்கள். அதே படங்களை இயல்புக்கு மாறான நிறங்களில் காட்டியபோது அந்தக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. இதில் நமக்கு இரண்டு பாடங்கள். பொருளுக்கு இயல்பாக உரிய நிறம்தான் உதவும். அடுத்தது, பலன் 5 முதல் 10 சதவீதம்தான். நிறம் ஒரு துணை. படிக்காததை அது நினைவில் ஏற்றிவிடாது.

2015இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு, நாம் நிறத்தை எப்படி நினைவில் வைக்கிறோம் என்று பார்த்தது. கண் எத்தனையோ சாயல்களைப் பிரித்தறியும். நினைவில் வைக்கும்போது மட்டும் அவை 'நீலம்', 'பச்சை' என்ற பெரிய பிரிவுகளின் நடுச் சாயலை நோக்கிச் சாய்ந்துவிடுகின்றன. இளம்பச்சைக்கு ஒரு பொருள், கரும்பச்சைக்கு இன்னொரு பொருள் என்று வைத்துக்கொண்டால் தேர்வறையில் இரண்டும் வெறும் பச்சையாகத்தான் மனதில் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு கவனத்தைக் கூட்டும், நீலம் கற்பனையைக் கூட்டும் என்று 2009இல் ஓர் ஆய்வு வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. எனவே படிக்கிற அறைச் சுவருக்கு என்ன பெயின்ட் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காசில் நல்ல விளக்கு ஒன்று வாங்குங்கள்.

படி 1: முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்கள் பலர், குறிப்பாக ஆண்கள், அது தெரியாமலே வளர்ந்துவிடுகிறார்கள். ரயில்வேயில் லோகோ பைலட் வேலைக்குப் போய் மருத்துவப் பரிசோதனையில் உட்காரும்போதுதான் சிலருக்கு முதன்முதலாகத் தெரிகிறது. அவ்வளவு தூரம் படித்து வந்த பிறகு அதைக் கேட்பது எவ்வளவு வேதனை! 1917இல் ஜப்பானில் ஷினோபு இஷிஹாரா உருவாக்கிய புள்ளிப் படங்களைக் காட்டிச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடக் கூடிய விஷயம் இது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

குறை இருந்தால் இந்த வழிகாட்டியை மூட வேண்டியதில்லை. சிவப்பையும் பச்சையையும் விட்டுவிடுங்கள். நீலமும் மஞ்சளும் போதும். மூன்றாவது வகைக்கு நிறத்துக்குப் பதில் கட்டம் கட்டுங்கள். உண்மையில் எல்லோருக்குமே நிறத்தோடு ஒரு வடிவத்தையும் சேர்ப்பது நல்லது. அது ஏன் என்று படி 6இல் வரும்.

படி 2: முதல் வாசிப்பில் பென்சில் மட்டும்

"முக்கியமானதுக்கு மட்டும் கலர் அடிக்கச் சொன்னேனே தம்பி?"

"எல்லாமே முக்கியமாத்தான் சார் தெரியுது."

இப்படிச் சொன்ன பையன் பொய் சொல்லவில்லை. ஒரு பாடத்தை முதல் முறை படிக்கும்போது எது தலை, எது வால் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் கையில் ஹைலைட்டர் இருந்தால் கை ஓடிக்கொண்டே இருக்கும். மனது 'படித்துவிட்டோம்' என்று நிம்மதி அடையும். 2013இல் ஜான் டன்லாஸ்கி குழுவினர் பத்து படிப்பு முறைகளை ஒப்பிட்டு எழுதிய விரிவான மதிப்பீட்டில், வரிகளைத் தீட்டுவது பயன் குறைந்த முறைகளில் ஒன்றாக வந்தது. தன்னைத்தானே சோதிப்பதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் முதலிடத்தில் வந்தன.

எனவே முதல் முறை பென்சிலோடு உட்காருங்கள். சந்தேகம் வருகிற இடத்தில் ஓரத்தில் சின்னப் புள்ளி, அவ்வளவுதான். பாடத்தை முடித்துவிட்டு, புத்தகத்தை மூடி, அதில் என்ன இருந்தது என்று ஐந்தாறு வரி சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாமல் போன இடங்கள்தான் நிறம் கேட்கிற இடங்கள். நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற இடங்களில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு இது இன்னும் வசதி. நூலகப் புத்தகத்தில் எப்படியும் கோடு போடக் கூடாது என்பதால் நிறமெல்லாம் சொந்தக் குறிப்பு நோட்டில்தான் வரும், அதுவும் யோசித்து எழுதிய பிறகு.

படி 3: மூன்று நிறம், மூன்று பொருள்

குறிப்பு முழுவதும் கருப்பு மையில். அதற்கு மேல் மூன்று நிறங்கள் மட்டும்:

சிவப்பு: மாறியது, நீக்கியது, சேர்த்தது, விதிவிலக்கு.
நீலம்: எண், ஆண்டு.
பச்சை: ஆள் பெயர், இடப் பெயர்.

ஏன் மூன்று? கண்ணால் பார்த்ததை அந்த நேரத்துக்கு மனதில் பிடித்து வைக்கும் திறனை 1997இல் லக், வோகல் இருவரும் அளந்தபோது அது சுமார் நான்கு பொருள்களோடு நின்றுவிட்டது. நிறக் குறியீட்டுக்கு இது நேரடிச் சட்டம் இல்லைதான். ஆனாலும் எந்த நிறம் எதற்கு என்று நினைப்பதிலேயே சக்தி செலவானால் பாடத்துக்கு எங்கே மிச்சம் இருக்கும்? மூன்று என்றால் ஒரு வாரத்தில் கை தானாகப் பழகிவிடும்.

இந்தப் பட்டியலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். வரலாறு, அரசியலமைப்பு, புவியியல் எல்லாவற்றுக்கும் இதே மூன்றுதான். பாடத்துக்குப் பாடம் பொருளை மாற்றுவதைப்போல இந்த முறையைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை. நிறங்கள் பிடிக்கவில்லை என்றால் தொடக்கத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

பேனா விஷயத்தில் ஒரு சொல். மெல்லிய முனை ஜெல் பேனா போதும். மஞ்சள் ஹைலைட்டர் இரவில் மஞ்சள் வெளிச்சத்தில் தாளோடு தாளாக மறைந்துவிடும். கைபேசியில் பி.டி.எஃப். வைத்துப் படிக்கிறவர்கள் கருப்புத் திரைக்கு மாற்றினால் சில செயலிகளில் நிறங்களும் தலைகீழாகிவிடும். ஒரே அமைப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஒரு பக்கத்தை எடுத்துச் செய்து பார்ப்போம்

அடிப்படை உரிமைகள். அரசியலமைப்பின் மூன்றாம் பகுதி, உறுப்பு 12 முதல் 35 வரை. குரூப் 4 எழுதுகிறவர் யாரும் தப்பிக்க முடியாத பாடம். நோட்டில் கருப்பு மையில் இப்படி எழுதுங்கள்:

14 – 18 சமத்துவ உரிமை
19 – 22 சுதந்திர உரிமை
23 – 24 சுரண்டலுக்கு எதிரான உரிமை
25 – 28 சமய சுதந்திர உரிமை
29 – 30 பண்பாடு, கல்வி உரிமை
31 சொத்துரிமை
32 அரசியலமைப்புத் தீர்வுக்கான உரிமை

விதிப்படி பார்த்தால் எண்கள் எல்லாம் நீலத்தில் வர வேண்டும் இல்லையா? வேண்டாம். இங்கே எல்லா வரியிலும் எண் இருக்கிறது. எல்லா வரியிலும் இருப்பதற்கு நிறம் கொடுத்தால் அது எதையும் தூக்கிக் காட்டாது. பக்கத்தைப் பார்த்து, இதில் எது மற்றவை மாதிரி இல்லை என்று கேளுங்கள். 31தான். 1978இல் 44ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியது. இப்போது சொத்துரிமை 300ஏ உறுப்பில் வெறும் சட்ட உரிமையாக இருக்கிறது. 31 வரியை மட்டும் சிவப்பில் அடித்து, பக்கத்தில் நீலத்தில் '44, 1978' என்று எழுதுங்கள். அடுத்து 19 – 22 வரிக்குப் பக்கத்தில் சிவப்பில் 21ஏ, நீலத்தில் '86, 2002'. கல்வி உரிமை, 6 முதல் 14 வயது வரை. இது சேர்ந்தது, அது போனது.

இப்போது பக்கத்தைத் தள்ளி வைத்துப் பாருங்கள். ஏழு கருப்பு வரிகள், இரண்டே இரண்டு சிவப்பு இடங்கள். ரெஸ்டார்ஃப் சொன்ன வித்தியாசம் அங்கே நிற்கிறது. கேள்வி கேட்பவர்களும் பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான் கை வைப்பார்கள். மாறியது, விலகியது என்றால் கேள்வி போடுவது சுலபம். சிவப்பை விதிவிலக்குக்கு ஒதுக்கியதன் காரணமும் அதுதான்.

ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு இடங்களுக்கு மேல் நிறம் வந்தால் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இந்த ஒரு வரம்பை மட்டும் கறாராக வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பாதி தானாகச் சரியாகும்.

படி 5: வரைபடத்துக்கு இயல்பான நிறம்

வரைபடம், படம் என்று வந்தால் மூன்று நிற விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம். இங்கே பொருளுக்கே நிறம் இருக்கிறது.

முதலில் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒரு தாளில் 'சிவப்பு' என்ற சொல்லை நீலப் பேனாவிலும், 'பச்சை' என்பதைச் சிவப்பிலும், 'நீலம்' என்பதைப் பச்சையிலுமாக ஒரு இருபது சொல் எழுதுங்கள். இப்போது சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லுங்கள். நாக்கு தடுமாறும். 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் காட்டியது இதைத்தான். பொருளும் நிறமும் ஒன்றோடொன்று முரண்பட்டால் மூளை மெதுவாகிறது. ஆற்றைச் சிவப்பில் வரைந்து காட்டை நீலத்தில் அடித்தால் அந்தத் தடுமாற்றத்தை நீங்களே விலைக்கு வாங்குகிறீர்கள்.

மதுரை வட்டாரத்தையே வரைந்து பழகலாம். மேற்கே மலைகளைப் பச்சையில் அடியுங்கள். வருசநாட்டு மலையில் தொடங்கி 258 கிலோமீட்டர் ஓடும் வைகையை நீலத்தில் இழுங்கள். ஆண்டிபட்டிப் பக்கம் 1959இல் கட்டிய வைகை அணை. திருமங்கலம் பக்கம் கரிசலுக்குப் பென்சிலால் கருமை, மேலூர்ப் பக்கம் செம்மண்ணுக்குச் செம்பழுப்பு. இதுவரை எல்லாமே கண்ணால் பார்த்த நிறங்கள்.

இப்போது ஒரே ஒரு சிவப்பு. மேற்கே கேரளம் நோக்கி ஓடுகிற பெரியாற்றை, பென்னிகுயிக் கட்டிய அணை (1895) தடுத்து நிறுத்த, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே திரும்பி வைகைக்கு வருகிறது. வைகையில் உள்ள பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக மேலூர் வயல்கள்வரை போகிறது. அந்தச் சுரங்கத்தை மட்டும் சிவப்பில் போடுங்கள். இயற்கையின் போக்கை மனிதன் திருப்பிய இடம், அதாவது விதிவிலக்கு. இப்படி வரைந்த பிள்ளைகள் 'பெரியாறு மேற்கே ஓடுகிறதா, கிழக்கே ஓடுகிறதா' என்று குழம்பி நான் பார்த்ததில்லை.

படி 6: நிறத்தோடு இடத்தையும் சேருங்கள்

வெறும் நிறத்தைவிட, இடத்தோடு சேர்ந்த நிறம் உறுதியாக நிற்கும். தெரிந்த இடத்தில் ஒவ்வொரு செய்தியையும் வைத்து, மனதுக்குள் நடந்துபோய் எடுப்பது பழங்கால கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் கையாண்ட முறை. நமக்கு இதைவிட வசதியான ஊர் கிடைக்காது. மீனாட்சி கோயிலைச் சுற்றி உள்ளிருந்து வெளியே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன.

அரசியலமைப்பின் முகவுரையில் நாட்டைக் குறிக்கும் சொற்களும் ஐந்து: இறையாண்மை, சமதர்மம், சமயச்சார்பின்மை, மக்களாட்சி, குடியரசு. வரிசை மாறாமல் நினைவில் வைக்க வேண்டும். நடப்போமா?

ஆடி வீதி கோயில் மதிலுக்குள் இருக்கிறது. சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடந்து செங்கோல் கொடுக்கிற இடம் இந்தக் கோயில். அங்கே இறையாண்மை. வெளியே வந்தால் சித்திரை வீதி; வண்டிக்கு அனுமதி இல்லை, காரில் வந்தவரும் பஸ்ஸில் வந்தவரும் ஒன்றாக நடந்துதான் ஆக வேண்டும். அங்கே சமதர்மம். அடுத்தது ஆவணி மூல வீதி. தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளில் எல்லா மதத்துக் கல்யாணத்துக்கும் தங்கம் வாங்குகிறார்கள், அங்கே சமயச்சார்பின்மை. மாசி வீதியில் தேர் ஓடுகிறது, வடத்தை மக்கள் எல்லோரும் சேர்ந்து இழுக்கிறார்கள், மக்களாட்சி. கடைசியில் வெளி வீதி. 19ஆம் நூற்றாண்டில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் பழைய மன்னர்களின் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த பக்கம் அது. மன்னர் கோட்டை போனது, குடியரசு.

நிறம் எங்கே? இந்த ஐந்தில் சமதர்மமும் சமயச்சார்பின்மையும் 1976இல் 42ஆவது திருத்தத்தில் சேர்ந்தவை. எனவே சித்திரை வீதியையும் ஆவணி மூல வீதியையும் மட்டும் மனதுக்குள் சிவப்பாக்குங்கள். கல் பாவிய சித்திரை வீதி முழுக்கச் சிவப்புக் கம்பளம், நகைக்கடைப் பெயர்ப் பலகை எல்லாம் சிவப்பு. கொஞ்சம் மிகையாகவே கற்பனை செய்யுங்கள், அதில் தவறில்லை. கோயில் பக்கம் போகும்போது ஒரு தடவை நடந்தே பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

வடிவம் சேர்க்கச் சொன்னதன் காரணமும் இதுதான். ஒரே செய்திக்கு நிறம், வடிவம், இடம் என்று பல வழி இருந்தால் ஒன்று அடைபட்டாலும் இன்னொன்று திறக்கும். சிவப்பு என்றால் கூடவே ஒரு சின்ன முக்கோணம், நீலத்துக்கு அடிக்கோடு என்று பழக்கிக்கொள்ளுங்கள்.

படி 7: பார்ப்பதற்கு முன் ஊகியுங்கள்

சித்திரைத் திருவிழாவில் அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்கினார் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை வருஷம் கழித்தும் சொல்வார்கள். பெட்டிக்குள் கைவிட்டு, எந்தப் பட்டு வருகிறதோ அதைச் சாத்துவது மரபு. பச்சை என்றால் அந்த வருஷம் செழிப்பு என்று நம்பிக்கை. விடிய விடிய ஆற்றங்கரையில் காத்திருக்கிறவர் மனதில் ஒரே கேள்விதான்: "என்ன கலர்?" விடை கிடைக்கும்போது ஏற்கெனவே அதற்கு மனதில் இடம் தயாராக இருக்கிறது.

ஆர்வத்தோடு விடைக்குக் காத்திருக்கும் நேரத்தில் நினைவு கூர்மையாக வேலை செய்கிறது என்பதை 2014இல் கலிபோர்னியாவில் மாத்தியாஸ் குரூபர் குழுவினர் மூளை ஸ்கேனோடு காட்டினார்கள். இதைப் படிப்பில் கொண்டுவருவது எளிது. நிறமிட்ட சொல்லின் மேல் ஒரு சின்ன ஒட்டுத்தாளை ஒட்டுங்கள். திருப்பிப் படிக்கும்போது தாளைத் தூக்கும் முன் இரண்டு கேள்வி: இதன் கீழே என்ன நிறம்? என்ன சொல்? ஊகம் தப்பானாலும் பரவாயில்லை, ஊகிக்காமல் தூக்காதீர்கள்.

படி 8: வெற்றுத்தாளில் எழுதுங்கள், நிறத்தைக் கழற்றுங்கள்

வினாத்தாள் கருப்பு வெள்ளையில்தான் வரும். நிறம் பார்த்தால் மட்டும் விடை வரும் என்று பழகிவிட்டால் அங்கே மாட்டிக்கொள்வோம். படித்தபோது கூட இருந்த குறிப்பு, நினைவுகூரும் நேரத்திலும் இருந்தால்தான் அது உதவும் என்று டல்விங், தாம்சன் இருவரும் 1973இலேயே எழுதியிருக்கிறார்கள். வினாத்தாளில் நிறம் இருக்கப் போவதில்லை என்பதால் அந்த நிறத்தை மனதுக்குள் நாமே உண்டாக்கிப் பழக வேண்டும்.

செய்யும் விதம் இது. பாடத்தை முடித்த அன்றே நோட்டை மூடிவிட்டு வெற்றுத்தாளில், கருப்புப் பேனாவால் மட்டும், முழுப் பக்கத்தையும் நினைவிலிருந்து எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு நிறப் பேனாவை எடுத்து, எது சிவப்பாக இருந்தது, எது நீலம் என்று அடையாளமிடுங்கள். அதற்கப்புறம்தான் நோட்டைத் திறந்து ஒப்பிட வேண்டும். விட்டுப்போனவற்றை நோட்டில் மறுபடி தீட்ட வேண்டாம். ஒரு சிறு புள்ளி வைத்தால் போதும்.

கஷ்டமாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்ப வாசிப்பது இதைவிடச் சுகமானது. 2006இல் ரோடிகர், கார்பிக் செய்த ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள்தான் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, தங்களைச் சோதித்துக்கொண்டவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

இதையே மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்ச் செய்யுங்கள். மூன்றாவது தடவையிலிருந்து நிறப் பேனா வேண்டாம். எழுதும்போதே 'இது சிவப்பு' என்று வாயால் சொல்லிக்கொண்டால் போதும். பால்காரரிடம் கேட்கிற மாதிரி.

வீட்டிலும் இதே முறை

படிப்புக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும், வீட்டில் வயதான அம்மா அப்பா இருக்கிறவர்களுக்காக ஒன்று. மாத்திரையின் நிறத்தை வைத்து ஞாபகம் வைக்கச் சொல்லாதீர்கள். கம்பெனி மாறினால் அதே மருந்து வேறு நிறத்தில் வரும். "இது என் மாத்திரை இல்லையே" என்று அம்மா சாப்பிடாமல் வைத்துவிடுவார். டப்பாவுக்கு நிறம் கொடுங்கள்: காலைக்கு ஒன்று, இரவுக்கு வேறொன்று, இரண்டு மட்டும். மேலே பெரிய எழுத்தில் நேரத்தையும் எழுதுங்கள். வயதானால் கண் வில்லை மஞ்சளாகி நீலச் சாயல்களைப் பிரிப்பது கடினமாகும் என்பதால் நீலம், ஊதா என்று பக்கத்து நிறங்களை வைக்க வேண்டாம். அப்புறம், மாத்திரை அட்டையில் அச்சாகியிருக்கும் சிவப்புக் கோட்டுக்கு, மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று பொருள். அதை உங்கள் நிறத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 9: தேர்வறையில்

தேர்வுக்கு முந்தைய வாரம் புதிதாக எதற்கும் நிறம் கொடுக்காதீர்கள். அந்த வாரம் முழுக்கப் புள்ளி வைத்த இடங்களை மட்டும் வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள்.

அறையில் விடை உடனே வராத கேள்வி கண்டிப்பாக இருக்கும். சொத்துரிமையை நீக்கியது எந்தத் திருத்தம் என்று கேட்டிருக்கிறார்கள், 42, 44, 61, 86 என்று நான்கு விடை கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்ணைத் தேடி மல்லுக்கட்ட வேண்டாம். நோட்டுப் பக்கத்தை மனதில் கொண்டுவாருங்கள்: ஏழு வரி, கீழே ஒரு சிவப்பு, அதன் பக்கத்தில் நீலம். அது வரவில்லையா, விடைகளை ஒவ்வொன்றாக எடுத்து அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கேளுங்கள். 42 சிவப்பு அடித்த சித்திரை வீதியில் இருந்தது. 86 கல்வி உரிமைக்குப் பக்கத்தில் இருந்தது. 61, வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18 ஆக்கிய திருத்தம்; அது தேர்தல் பக்கம். மிச்சம் இருப்பது 44. கருப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.